கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் நம்பிக்கை வாழ்வும் சமூக வாழ்வும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையைக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பும், சேர்த்த பிறகு முதல் ஓரிரு ஆண்டுகளிலும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கல்விச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும்; ஆயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டங்களின் நடைமுறைகளும் அவ்வாறே. ஆகவே திருச்சபை முழுமைக்கும் பொதுவானவற்றையே விடைகள் பெரும்பாலும் சார்ந்திருக்கின்றன.

ஒரு பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி என்று அழைக்க எது அடிப்படை?

சட்டப்படி விடை எளிது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 803-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. திருச்சபை அதிகாரியோ, துறவற சபை போன்ற பொதுத் திருச்சபை அமைப்போ நடத்தும் பள்ளி, அல்லது திருச்சபை அதிகாரி எழுத்து மூலம் ஏற்பளித்த பள்ளியே கத்தோலிக்கப் பள்ளி. அவரது இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் வாசலில் உள்ள பெயர்ப்பலகையைத் தாண்டி உள்ளே வரும் பெற்றோர் அறிய விரும்புவது வேறு. உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, சுதந்திரமும் அன்பும் கொண்ட நற்செய்தி மனநிலை உயிரூட்டும் ஒரு சூழலைப் பள்ளிச் சமூகத்தில் உருவாக்குவதே இப்பள்ளிகளின் தனிச்சிறப்பு என்கிறது. அந்த நோக்கம் நிறைவேறுவது ஏறக்குறைய முழுவதும் ஆசிரியர்களைப் பொறுத்தது என்றும் அதே அறிக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. ஆகவே பள்ளியைப் பார்க்கச் செல்பவர்கள் சுரூபங்களையும் சுவர்ப்படங்களையும் எண்ணுவதைவிட, தாமதமாக வந்த பிள்ளையிடம் ஆசிரியர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைக் கவனிப்பது நல்லது.

சாதாரணமான ஒரு பள்ளி நாளில் நம்பிக்கை எங்கெல்லாம் வெளிப்படும்?

காலைச் செபம், உணவுக்கு முன் செபம், வீடு திரும்பும் முன் செபம் ஆகியவை பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. சில பள்ளிகளில் நண்பகலில், வானதூதர் மரியாவுக்குத் தந்த செய்தியை நினைவுகூரும் மூவேளைச் செபமும் சொல்லப்படும். புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் (1651–1719) நிறுவிய சபையின் பள்ளிகளில், நாம் இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்று நினைவுகூர்ந்து செபத்தைத் தொடங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஒரே வரிதான் என்றாலும், ஓடி வந்து மூச்சிரைக்க உட்கார்ந்த பிள்ளைகளை அது அமைதிப்படுத்திவிடும்.

வகுப்பறையின் ஒரு மூலையில் சிறு மேசையும், அதன் மேல் திறந்து வைத்த விவிலியமும், சிலுவையும், மெழுகுவத்தியும் இருக்கும். மேசை விரிப்பின் நிறம் வழிபாட்டு ஆண்டைப் பின்தொடரும்: திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வெள்ளை, பொதுக்காலத்தில் பச்சை, பெந்தக்கோஸ்து நாளில் சிவப்பு. விரிப்பை மாற்றும் பொறுப்பு பெரும்பாலும் பிள்ளைகளுக்கே தரப்படும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயதிலேயே, பச்சை போய் ஊதா வந்தால் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

செபமே ஒரு சடங்காகத் தேய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வேறு எதையோ பார்த்தபடி முணுமுணுக்கும் செபத்தை எந்தப் பள்ளியிலும் காணலாம். அக்கறையுள்ள ஆசிரியர்கள் மன்றாட்டுகளைப் பிள்ளைகளையே எழுதச் செய்வார்கள். முதலில் உலக அமைதிக்காகவும் திருத்தந்தைக்காகவும் மன்றாடும் பிள்ளைகள், சில வாரங்களில் மருத்துவமனையில் இருக்கும் பாட்டிக்காகவும், யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத வகுப்புத் தோழனுக்காகவும் மன்றாடத் தொடங்குவார்கள். அந்த இரண்டாவது மன்றாட்டு வாசிக்கப்படும்போது வகுப்பில் எழும் சலசலப்பைக் கவனிக்கும் ஆசிரியருக்கு, அன்றைய இடைவேளையில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பள்ளியில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பும் பங்கில் (உள்ளூர்க் கோவில் சமூகத்தில்) நடக்கும் ஞாயிறு மறைக்கல்வியும் ஒன்றுதானா?

ஒன்றுக்கொன்று துணை நிற்பவை; ஆனால் ஒன்றல்ல. வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1988-இல் வெளியிட்ட ஏடு இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்குகிறது. பங்கின் மறைக்கல்வி, கேட்பவர் கிறிஸ்தவச் செய்தியை மீட்பின் செய்தியாக ஏற்றுக்கொள்கிறார் என்ற அடிப்படையில் அமைந்தது. நம்பிக்கையை வாழும் ஒரு சமூகத்தின் நடுவே வாழ்நாள் முழுவதும் நீள்வது. பள்ளியின் சமயப் பாடம் முதன்மையாக அறிவு தருவது: கிறிஸ்தவம் எதைப் போதிக்கிறது, கிறிஸ்தவர்கள் அதை எப்படி வாழ முயல்கிறார்கள் என்பதைக் கற்பிப்பது. அதனால்தான் நம்பிக்கை கொண்ட பிள்ளையும் வேறு சமயப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து அதைக் கற்க முடிகிறது. பள்ளியில்தான் படிக்கிறானே என்று ஞாயிறு மறைக்கல்வியை விட்டுவிடும் குடும்பங்கள், பள்ளி தர இயலாத ஒன்றைப் பள்ளியிடம் எதிர்பார்க்கின்றன.

பள்ளித் திருப்பலி சிறு பிள்ளைகளுக்குப் புரியுமா? சலிப்புத் தட்டாதா?

இந்தக் கவலை உரோமையில் உள்ள திருச்சபைத் தலைமைக்கும் இருந்தது. 1973 நவம்பர் 1 அன்று வெளிவந்த சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி ஏடு, சலிப்பு என்ற இதே சிக்கலை நேராகப் பேசுகிறது. வாரநாள் திருப்பலியை நாள்தோறும் நிறைவேற்றாமல் இருந்தால் பிள்ளைகள் சலிப்பின்றி, அதிகப் பயனோடு பங்கேற்பார்கள் என்கிறது அந்த ஏடு. வாசகங்கள் கடினமாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம்; ஆனால் நற்செய்தி வாசகத்தை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. மறையுரை, பிள்ளைகளோடு நடத்தும் உரையாடலாக அமையலாம். சிறுவர் மனநிலைக்கு ஏற்பப் பேசுவது அருட்தந்தைக்குக் கடினமாக இருந்தால், பங்குத்தந்தையின் அல்லது கோவில் பொறுப்பாளரின் இசைவுடன் பெரியவர் ஒருவர் நற்செய்திக்குப் பின் பேசலாம் என்றுகூட அந்த ஏடு அனுமதிக்கிறது. எல்லா மறையுரையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுவதில்லை என்பதை அறிந்த யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் பலர் எதிர்பாராதது அமைதி பற்றிய குறிப்பு. பிள்ளைகளாலும் உண்மையாகவே தியானிக்க முடியும். அதற்கான அமைதியை அவர்களுக்கும் தர வேண்டும் என்கிறது வழிகாட்டி. பாடலுக்குப் பின் பாடல், செய்கைக்குப் பின் செய்கை என்று ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்பினால்தான் பிள்ளைகள் கட்டுப்பாட்டில் இருப்பார்கள் என்று நினைக்கும் பள்ளிகள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

புதுநன்மைக்கு (திருப்பலியில் முதன்முறையாக நற்கருணை அப்பம் பெறுவதற்கு) தயாரிப்பது பள்ளியா, பங்கா, பெற்றோரா? எந்த வயதில்?

பொறுப்பின் வரிசை திருச்சபைச் சட்டத்தின் 914-ஆம் பிரிவில் தெளிவாக உள்ளது. முதல் பொறுப்பு பெற்றோருக்கும், பெற்றோரின் இடத்தில் இருப்பவர்களுக்கும் உரியது; அவர்களோடு பங்குத்தந்தைக்கும் உண்டு. பள்ளியின் பெயர் அங்கே இல்லை. பள்ளி உதவலாம், பல இடங்களில் பெரும்பகுதி வேலையைப் பள்ளியே செய்கிறது என்பதும் உண்மை. இருந்தாலும் பிள்ளை ஆயத்தமாக இருக்கிறதா என்று தீர்மானிப்பது மதிப்பெண்ணும் அல்ல, வகுப்பு நிலையும் அல்ல.

வயதைப் பொறுத்தவரை ஒரு வரலாறு உண்டு. பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்த காலம் இருந்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில், 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளிவந்த ஆணை அதை மாற்றியது. ஏறக்குறைய ஏழு வயதில் வரும் பகுத்தறியும் பருவமே நற்கருணைக்கும் ஒப்புரவுக்கும் (பாவங்களை அருட்தந்தையிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும்) போதும் என்றும், நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் அளவில் உணர்ந்து பக்தியோடு அணுகினால் போதும் என்றும் அது கூறியது. முழுமையான மறையறிவை அது கேட்கவில்லை. புதுநன்மைக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம் பெற வேண்டும் என்பது இன்றைய சட்டத்திலும் உள்ளது.

முதல் பாவசங்கீர்த்தனம் பற்றிப் பிள்ளைகளைவிடப் பெற்றோரே அதிகம் அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் கேட்பது நடைமுறைக் கேள்விகள்: மறந்துபோனால் என்ன செய்வது, அருட்தந்தை அம்மாவிடம் சொல்லிவிடுவாரா, தம்பியை அடித்ததை அவனிடமும் சொல்ல வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு விடை உறுதியானது: ஒப்புரவில் கேட்டதை அருட்தந்தை எக்காரணம் கொண்டும் யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது. மூன்றாவது கேள்வியை நல்ல ஆசிரியர் பிள்ளையிடமே திருப்பி விடுவார்.

உடை, நிழற்படம், விருந்து ஆகியவை நற்கருணையை மூடி மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் பள்ளிக்கும் பங்குண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எளிய வெண்ணிற உடை என்று பள்ளியும் பங்கும் சேர்ந்து முடிவெடுத்தால், வசதி குறைந்த குடும்பங்கள் நன்றியோடு பெருமூச்சு விடும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர் சொன்னால் எடுபடும்.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம் அல்ல. எங்கள் பிள்ளையை மதம் மாற்ற முயல்வார்களா?

முயலக் கூடாது, திருச்சபையின் சட்டமே அதைத் தடுக்கிறது. ஒருவருடைய மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்க நம்பிக்கையைத் தழுவும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 748-ஆம் பிரிவு. 1965 டிசம்பர் 7 அன்று வெளிவந்த, சமய சுதந்திரம் பற்றிய வத்திக்கான் சங்க ஏடும் இதையே வலியுறுத்துகிறது. முன்பு குறிப்பிட்ட 1988-ஆம் ஆண்டு ஏடும், அறிவிப்பதும் முன்வைப்பதும் திணிப்பது ஆகாது என்றும், திணிப்பது நற்செய்திக்கும் திருச்சபைச் சட்டத்துக்கும் எதிரான ஒழுக்க வன்முறை என்றும் சொல்கிறது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திருமுழுக்கு அளிக்கப் பெற்றோரில் ஒருவரின் இசைவாவது தேவை என்பதும், உயிராபத்து வேளை தவிர, பொதுவான விதி. பகுத்தறியும் வயதை எட்டிய பிள்ளை தானே விரும்பினாலும், பங்கில் நெடுநாள் நடக்கும் படிப்படியான ஆயத்தத்துக்குப் பிறகே திருமுழுக்கு பெற முடியும். ஒரு செப நாளின் உணர்ச்சிப் பெருக்கில் முடிவாகும் காரியம் அல்ல அது.

அதே வேளையில், சேரும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இயேசுவின் பெயர் அங்கே நாள்தோறும் ஒலிக்கும். சிலுவை ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்கும். பிள்ளை வீட்டுக்கு வந்து சிலுவை அடையாளம் போட்டுக் காட்டும். இது உங்களுக்கு ஏற்புடையதா என்று முதலிலேயே வீட்டில் பேசிவிடுவது, பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். திருப்பலியில் உங்கள் பிள்ளை மற்றவர்களோடு அமரலாம், பாடலாம், நற்கருணை வாங்குவதில்லை. பல இடங்களில் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு வரிசையில் வந்து ஆசீர் பெறும் வழக்கம் உள்ளது. விரும்பாதவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம். வரிசையில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிள்ளை விழிப்பது அந்தப் பிள்ளைக்கு நெடுநாள் மறக்காது. ஆகவே இதை முன்னதாகவே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது வகுப்பாசிரியரின் கடமை.

வேறு சமயப் பிள்ளைகள் பள்ளியின் செப வாழ்வுக்குச் சுமை என்று நினைக்கும் கத்தோலிக்கப் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் பயிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் அருமையானவை என்று 1965-ஆம் ஆண்டு அறிக்கையே கூறியிருக்கிறது. உரையாடல் பண்பாட்டுக்காகக் கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளத்தைப் பற்றி 2022-இல் வந்த அறிவுரை ஏடும் அந்தத் திசையிலேயே செல்கிறது.

நாங்கள் கத்தோலிக்கர்கள், ஆனால் கோவிலுக்கு எப்போதாவதுதான் போகிறோம். பிள்ளை குழம்பிப்போகாதா?

குழம்பும். ஞாயிறன்று நாம் ஏன் போவதில்லை என்று திங்கட்கிழமையே கேட்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை இல்லாதபோது, பள்ளியைக் குறை சொல்லித் தப்பிப்பதோ, உனக்கு இப்போது புரியாது என்று மூடிவிடுவதோ பயன் தராது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான, தலையாய கல்வியாளர்கள் என்று வத்திக்கான் சங்கம் சொன்னது அவர்களைப் புகழ்வதற்காக மட்டும் அல்ல. பள்ளியில் கற்ற செபத்தை வீட்டில் சொல்ல இடமில்லாவிட்டால், சீருடையோடு சேர்ந்து அதுவும் மாலையில் கழற்றி வைக்கப்படும். படுக்கும் முன் ஒரு நிமிடம் பிள்ளையோடு அமர்ந்து, அன்றைய நாளில் எதற்கு நன்றி, யாரிடம் மன்னிப்பு என்று கேட்பதற்கு இறையியல் அறிவு தேவையில்லை.

பிள்ளைகள் சண்டையிட்டால், ஒருவரை ஒருவர் துன்புறுத்தினால் பள்ளி எப்படிக் கையாளும்?

பள்ளியின் நம்பிக்கை உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான் என்பேன். புனித ஜான் போஸ்கோ (1815–1888) தம் கல்வி முறைக்குப் பகுத்தறிவு, சமயம், கனிவு என்ற மூன்றையும் அடித்தளமாகக் கொண்டார். தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, தவறு நடக்காதபடி பிள்ளைகளோடு உடனிருப்பதே அவர் காட்டிய வழி. இடைவேளையில் ஆசிரியர்கள் ஓய்வறைக்குள் அடைந்துகொண்டிருக்கும் பள்ளியில் அந்த முறைக்கு இடமில்லை.

இருவருக்குள் சண்டை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையைப் பிடித்து இழுத்து, மன்னிப்புக் கேள் என்று அதட்டினால், பிள்ளை தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்கும். ஐந்து நிமிடத்தில் மீண்டும் தள்ளிவிடும். பொறுமையுள்ள ஆசிரியர் இருவரையும் தனித்தனியே கேட்பார்: என்ன நடந்தது, அப்போது அவனுக்கு எப்படி இருந்திருக்கும், இதை எப்படிச் சரிசெய்யலாம்? கிழிந்த நோட்டை ஒட்டித் தருவது, கீழே தள்ளிய கோபுரத்தைச் சேர்ந்து கட்டுவது என்று விடை பிள்ளையிடமிருந்தே வரும். ஒப்புரவு அருட்சாதனத்தில் உள்ள மனவருத்தம், அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய மூன்றும் இங்கே சிறு அளவில் பழகிக்கொள்ளப்படுகின்றன.

ஒரு எச்சரிக்கை. மன்னிப்பு என்ற பெயரில் தொடர் துன்புறுத்தலை மூடி மறைக்கக் கூடாது. நீ கிறிஸ்தவப் பிள்ளை, மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிட்டு, துன்புறுத்திய பிள்ளையிடம் எதுவும் கேட்காமல் விடுவது மன்னிப்பு ஆகாது. பெற்றோர் இதைக் கண்டால் தயங்காமல் பேச வேண்டும்.

தவக்காலத்திலும் மற்ற வேளைகளிலும் காணிக்கை கேட்கிறார்கள். கட்டாயமா?

கட்டாயமாக இருக்கக் கூடாது. பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆயர் சார்ல் தெ ஃபோர்பின்-ஜான்சன் 1843-இல் பிரான்சில் தொடங்கிய திருப்பாலர் சபை இன்றும் பல நாடுகளில் இயங்குகிறது. ஒரு சிறு செபமும் ஒரு சிறு காசும் என்பதே அதன் தொடக்கம். அந்த எளிமை காக்கப்பட வேண்டும். எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று பட்டியலிட்டு அறிவிப்பது, கொடுக்க இயலாத பிள்ளையைக் கூனிக்குறுகச் செய்யும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற நற்செய்திக்கும் அது ஒத்துவராது. பெயரில்லாத உறை, அல்லது பணத்துக்குப் பதிலாக முதியோரைச் சந்திப்பது, தோட்டத்தைப் பேணுவது போன்ற உழைப்பு ஆகியவை எல்லாரும் பங்கேற்கக்கூடிய வழிகள். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது பற்றி எழுதிய சுற்றுமடலுக்குப் பிறகு, குப்பையைக் குறைப்பதும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் பல பள்ளிகளில் தவக்கால முயற்சிகளாகிவிட்டன.

அறிவியல் பாடத்துக்கும் விவிலியத்துக்கும் மோதல் வராதா?

தொடக்கப் பள்ளியில் இந்தக் கேள்வி தொல்லுயிர் விலங்குகள் வடிவில் வரும்: ஆறு நாள் படைப்பில் அவை எந்த நாளில் வந்தன? கத்தோலிக்கப் போதனைப்படி, படைப்பைச் சொல்லும் விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூல் ஓர் அறிவியல் பாடநூல் அல்ல. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996-இல் கூறினார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் லெமைத்தர் ஒரு கத்தோலிக்க அருட்பணியாளர் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

செபத்துக்கும் விழாக்களுக்கும் நேரம் செலவிட்டால் படிப்பு பின்தங்காதா?

பின்தங்க விடக் கூடாது. அந்தப் பகுதியில் உள்ள மற்றப் பள்ளிகளுக்குக் குறையாத கல்வித் தரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பள்ளித் தலைமையின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 806-ஆம் பிரிவு சொல்கிறது.

பள்ளிச் சமூகத்தில் யாராவது இறந்துவிட்டால்?

பிள்ளையின் தாத்தா பாட்டி, சில வேளைகளில் தாயோ தந்தையோ, மிக அரிதாக ஒரு மாணவரோ இறக்கும்போது, பள்ளி மௌனம் காக்காமல் செபிக்கத் தெரிந்திருப்பது பெரிய உதவி. நவம்பர் மாதம் முழுவதும் இறந்தோரை நினைவுகூரும் வழக்கம் இருப்பதால், பெயர்களை எழுதி வைக்கும் ஒரு நூல் பல வகுப்பறைகளில் இருக்கும். பிள்ளைகள் வளர்ப்பு நாயின் பெயரையும் எழுதுவார்கள், அந்தப் பெயரை நீக்கத் தேவையில்லை. கடவுள் அவரை எடுத்துக்கொண்டார் என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது. அடுத்து யாரை எடுப்பார் என்ற அச்சத்தோடு பிள்ளை படுக்கைக்குப் போகும். இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்லி, அவர் கடவுளோடு இருப்பார் என்ற நம் எதிர்நோக்கையும், நாம் அழுவது தவறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இலாசரின் கல்லறைக்கு முன் இயேசுவும் அழுதார்.

பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன உறுதி? குறை இருந்தால் யாரிடம் செல்வது?

பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவரின் பெயர் எல்லாரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும். சேர்க்கையின்போதே அதைக் கேட்டு வாங்கிப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளின் ஒப்புரவு, மற்றவர்கள் பார்வைக்கு எட்டும், ஆனால் காதுக்கு எட்டாத இடத்தில் நடப்பதே முறை. அங்கியோ பதவியோ யாரையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்குவதில்லை. பெரியவர் ஒருவர் இதை இரகசியமாக வைத்துக்கொள் என்று சொன்னால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

சாதாரணக் குறைகளுக்கு முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் தாளாளர் அல்லது பங்குத்தந்தை, இறுதியில் மறைமாவட்டக் கல்வி அலுவலகம் என்று செல்லலாம். ஆசிரியர்கள் பெற்றோர் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 796-ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது; நாட்டின் சட்டப்படி காவல்துறைக்கோ குழந்தைகள் நல அதிகாரிகளுக்கோ நேராகத் தெரிவிக்க வேண்டும், பள்ளியின் அனுமதியை அதற்காகக் கேட்கத் தேவையில்லை.